முடியாத ஒருசந்தி

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கே பிரிஸ்கில்லாவுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. மீதி நாளை எதை வைத்துக்கொண்டு ஓட்டுவது என்றுதான் தெரியவில்லை.

பதினோரு மணிக்குச் சாரம் பகுதியில் டாக்டர். சாயந்திரம் ஆறு மணிக்கு, உப்பளம் பகுதியிலிருக்கும் தன் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருவிலிருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் ஜெபிக்க வரும், முப்பது தலைக்குக் குறையாது. இரண்டுக்கும் நடுவில், சாப்பிடச் சொன்னால் "அப்புறம்" என்று மட்டும் சொல்லத் தெரிந்த ஒரு மகள். வாரம் முழுக்க அரசாங்க அலுவலகத்தில் ஃபைல்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற தாய்க்கு லீவு நாளில் கிடைக்கிற ஓய்வு இதுதான்.

போன வார அத்தியாயத்தில் மகள் ஜாஸ்லினை விடுதி அறையில் விட்டுவிட்டு வந்தோம், ஞாபகமிருக்கும். எம்.எஸ்ஸி முதல் வருஷம் படிக்கிறவள், பல்கலைக்கழக நூலகப் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். தாயைக் கூப்பிட்டனுப்பிய வார்டன், கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டார். உள்ளே பன் பாக்கெட், பிஸ்கட் பாக்கெட், ரஸ்க் பாக்கெட் என்று எல்லாம் காலி உறைகள். பெட்டியில் இன்னொன்று வைக்க இடமில்லை.

"நாலு மாசமா இவ மெஸ்ஸுக்கே வரலைம்மா. இதெல்லாம் தின்னுட்டு பாத்ரூம்ல போய் வாந்தி எடுக்கறான்னு பக்கத்து ரூம் பொண்ணு சொல்லுது. டாக்டர் லெட்டர் இல்லாம இனிமே சேத்துக்க முடியாது," என்று வார்டன் சொல்லிவிட்டார்.

பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறாளே என்று அழுவதா, ஒளித்து வைத்துத் தின்கிறாளே என்று அழுவதா? பிரிஸ்கில்லாவுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அதைவிடப் பெரிய எரிச்சல் தன் மேலேயே இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தவக்காலத்தில் நாற்பது நாளும் ஜாஸ்லின் ஒருசந்தி பிடித்தாள். ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. இந்தக் காலத்துப் பிள்ளைகளில் யார் அப்படிச் செய்கிறார்கள் என்று பிரிஸ்கில்லா அன்பியத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். ஈஸ்டர் வந்தது, வீடு மணக்க பிரியாணி வெந்தது. மகள் தட்டைத் தொடவில்லை. "ஒரு நேர்ச்சைம்மா. ஆகஸ்ட் பதினஞ்சு மாதா திருநாள் வரைக்கும் ஒருசந்திதான்," என்றாள். தாய்க்குப் புல்லரித்தது. கோயிலில் சாமியார்கூடப் பெயர் சொல்லாமல் ஒரு பிரசங்கத்தில் பாராட்டினார். பெயர் சொல்லாவிட்டால் என்ன, தெருவுக்கே தெரியும்படி பிரிஸ்கில்லாதான் சொல்லி வைத்திருந்தாளே.

உள்ளே கணவன் லூர்துபிரகாஷ் வெங்காயம் வதக்கிக்கொண்டே பக்திப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். ஐம்பத்திரண்டு வயது. ஒரு காலத்தில் லாரி டிரைவர், இப்போது சொந்தமாகப் பள்ளிக்கூட வேன். அவன் குடியை விட்டு இன்றோடு ஆறு வருஷம் முடிகிறது. அதற்குத்தான் சாயந்திரக் கூட்டம். அதில் அவன் சாட்சி சொல்வான், பிறகு தன் கையால் சமைத்த சிக்கன் பிரியாணியை எல்லோருக்கும் போடுவான். வருஷா வருஷம் இது நடக்கிறது.

"ஜாசு, ரெண்டு தோசை ஊத்தி வெச்சிருக்கேன்டா. பொடியும் எண்ணெயும் இருக்கு, உக்காந்து சாப்பிடு."

"அப்புறம் சாப்பிடுறேன் பப்பா."

"அப்புறம்னா எப்போ?" என்றாள் பிரிஸ்கில்லா.

"அப்புறம்னா அப்புறம்மா."

அந்த நேரம் பார்த்து லூர்துவின் கையிலிருந்த கரண்டி நழுவி, தரையில் விழுந்து உருண்டது. ஜாஸ்லினின் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. பிறகு மெதுவாக இறங்கின. அவள் தோசைத் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றபடியே பிய்த்தாள். ஒரு துண்டு வாய்க்குப் போனால் மூன்று துண்டு காக்காய்க்குப் போயிற்று.

மேசை என்று ஒன்று எதற்கு வாங்கிப் போட்டிருக்கிறது? ஆறு பேர் உட்காரலாம். மேலே பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் வாழைப்பழக் கூடை. அந்தக் கூடையை யாராவது இந்தப் பக்கம் நகர்த்தினால், பிரிஸ்கில்லா உடனே அந்தப் பக்கமே திருப்பி வைப்பாள். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

"சாப்பிட்டாளா?" என்று லூர்து ரகசியமாகக் கேட்டான்.

"காக்கா சாப்பிட்டுது," என்றாள் அவள்.

* * *

சாரத்தைத் தேர்ந்தெடுத்தது பிரிஸ்கில்லாதான். உப்பளத்து ஆட்கள் அந்தப் பக்கம் அதிகம் வரமாட்டார்கள். வாசலில் "மனநல மருத்துவர்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்த பலகையைப் பார்த்ததும் ஸ்கூட்டரை ஏழு கடை தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை முன்னால் நிறுத்தினாள்.

"இங்க இருந்து நடக்கணுமா?" என்றாள் ஜாஸ்லின்.

"ரெண்டடி நடந்தா குறைஞ்சிட மாட்ட."

சொன்ன பிறகுதான், மயங்கி விழுந்த பிள்ளையிடம் இதைச் சொல்கிறோமே என்று உறைத்தது. கையைப் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டு அவள் விரல்களுக்குள் தொளதொளவென்று கிடந்தது. அதற்கும் கோபம்தான் வந்தது.

வரவேற்பில் இருந்த பெண் இரண்டு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தாள். படிவம் நிரப்ப பிரிஸ்கில்லாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் படிவங்களைச் சரிபார்த்து, ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்புகிறவள். மளமளவென்று எழுதிக்கொண்டே வந்தவளின் பேனா இரண்டாம் பக்கத்தில் நின்றது.

'சிறு வயதில் வீட்டில் குடி, அடிதடி, பயப்படும்படியான சம்பவங்கள்: ஆம் / இல்லை.'

ஆம் என்று ஒரு டிக் போட்டால் அதோடு போகுமா? லூர்துவைக் கூப்பிடுவார்கள். உட்காரவைத்துக் கிளறுவார்கள். மனிதன் ஆறு வருஷமாக ஒரு நூலில் நடந்துகொண்டிருக்கிறான். பிள்ளையின் நோய்க்கு நீதான் காரணம் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் உடைந்துவிடுவான். உடைந்தால் போய் நிற்க ஒரு சாராயக்கடை வீட்டிலிருந்து நூறடி தூரத்திலேயே இருக்கிறது. இந்த ஊரில் அதற்கா பஞ்சம்? மறுபடியும் அந்த நாட்களா? வேண்டவே வேண்டாம்.

'இல்லை' என்ற இடத்தில் அழுத்தமாக ஒரு டிக் போட்டாள். கீழே கையெழுத்தும் தேதியும் வைத்தாள். பக்கத்திலிருந்த ஜாஸ்லின் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஜரினா ஜாஸ்லினிடம் இருபது நிமிஷம் தனியாகப் பேசினார். பிறகு தாயையும் உள்ளே கூப்பிட்டார். ஐம்பதை நெருங்குகிறவர், எதையும் அவசரப்படாமல் சொல்கிறவர்.

"இது பக்தியும் இல்ல, திமிரும் இல்லம்மா. அதை முதல்ல மனசுல வெச்சுக்கங்க. பட்டினி கிடக்கறது, அப்புறம் அடங்காம சாப்பிடறது, அதை வெளியே எடுக்கறது எல்லாம் ஒரே வியாதியோட கைங்கதான். காலேஜ் பிள்ளைங்க நிறைய பேர் இதோட வர்றாங்க. பல பேருக்கு சின்ன வயசுல மனசுல ஏதோ ஒரு அடி விழுந்திருக்கும். எல்லாருக்கும் அப்படின்னு சொல்ல முடியாது." படிவத்தைப் புரட்டினார். "உங்க வீட்ல அப்படி ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கீங்க."

"ஒண்ணும் இல்லைங்க."

"சந்தோஷம். வீடு நல்லா இருந்தா பாதி வைத்தியம் அங்கேயே நடந்துடும்."

பிரிஸ்கில்லா தலையாட்டினாள். ஜாஸ்லின் துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

நேற்று எடுத்த ரத்தப் பரிசோதனையை டாக்டர் விளக்கினார். பொட்டாசியம் குறைந்திருக்கிறது, அது இதயத்துக்கு நல்லதில்லை. மாத்திரையோடு வேளாவேளைக்குச் சாப்பாடும் உள்ளே போக வேண்டும். இரண்டு வாரத்தில் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டும். அப்படியானால் இந்த செமஸ்டர் போய்விடும்.

"ஒரு நாளைக்கு அஞ்சு வேளை, கொஞ்சம் கொஞ்சமா. தனியா சாப்பிடக் கூடாது. ஒவ்வொரு வேளையும் ஒருத்தர் கூட உக்காரணும், அரட்டல் உருட்டல் இல்லாம. உக்காந்தவங்க இதுல கையெழுத்துப் போடணும்." கட்டம் போட்ட தாளை எடுத்தார். "காலையும் ராத்திரியும் அம்மா. மத்தியானம்?"

"நான் ஆபீஸ்ல இருப்பேன்."

"அப்பா?"

"ஸ்கூல் வேன் ஓட்டுறாரு. பத்து மணியில இருந்து ரெண்டு வரைக்கும் வீட்லதான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது பிரிஸ்கில்லாவுக்கு விளங்கியது. அதற்குள் டாக்டரின் பேனா ஓடிவிட்டது. மத்தியானக் கட்டத்தில், 'உடன் அமர்பவர்' என்ற தலைப்புக்குக் கீழே, 'அப்பா.'

"ரொம்ப நல்லதாப் போச்சு. அப்பா கூட உக்காந்து சாப்பிடும்மா," என்றார் டாக்டர்.

ஜாஸ்லின் நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். ஏதாவது சொல்லேன் என்று கேட்கிற பார்வை. பிரிஸ்கில்லா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள்.

"சரிங்க டாக்டர்," என்றாள்.

* * *

வழியில் ஜாஸ்லினுக்குத் தலை சுற்றியது. ஸ்கூட்டரை ஓர் இளநீர் வண்டி ஓரம் நிறுத்தி, வேப்பமர நிழலில் இருந்த சிமெண்டுத் திட்டில் உட்கார வைத்தாள் பிரிஸ்கில்லா. கையில் இளநீரைக் கொடுத்தாள்.

"நான் பப்பா கூட உக்கார மாட்டேன்," என்றாள் ஜாஸ்லின்.

"ஆரம்பிச்சிட்டியா. இப்போ அவரு உன்ன இன்னா பண்றாரு? பொழுது விடிஞ்சா உனக்கு இன்னா புடிக்கும் இன்னா புடிக்கும்னு அடுப்படியில நிக்கறாரு மனுஷன்."

"இப்போ ஒண்ணும் பண்ணல."

"அப்புறம் இன்னா?"

"அவரு மாறிட்டாருன்னு எனக்குத் தெரியும்மா. என் தொண்டைக்குத் தெரியல. மெஸ்ஸுக்குப் போனா நானூறு எவர்சில்வர் தட்டு. ஒண்ணு கீழ விழுந்தாலும் எனக்கு வயிறு மூடிக்குது. அதான் போறதில்ல."

பிரிஸ்கில்லாவுக்கு அந்தத் தட்டுகள் தெரியும். லூர்து ராத்திரியில் வந்து சாப்பாட்டில் உட்கார்ந்தால் உப்பு அதிகம், குழம்பு ஆறிப்போச்சு, யாரைக் கேட்டு மீன் வாங்கினே என்று ஏதோ ஒன்று வரும். பிறகு தட்டு சுவருக்குப் பறக்கும். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது அவன் சட்டம். பிள்ளைக்கு எட்டு வயதிலிருந்து பதினைந்து வயதுவரை இதுதான். அவன் குடியை விட்டதும் பிரிஸ்கில்லா செய்த முதல் வேலை, வீட்டிலிருந்த எவர்சில்வர் தட்டுகளையெல்லாம் போட்டுவிட்டு சத்தம் வராத மெலமைன் தட்டுகளாக வாங்கியதுதான். அதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

"படிவத்துல இல்லைன்னு டிக் போட்டீங்க. நான் பாத்தேன்."

"நீ சொல்லியிருக்கலாமே. இருபது நிமிஷம் தனியாத்தானே உக்காந்திருந்த. வாயில கொழுக்கட்டையா?"

"நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்க. நான் வேற ஒண்ணு சொன்னா நீங்க பொய் சொன்னதா ஆயிடும்ல?"

இந்த மகளை என்ன செய்வது? அடிக்கவும் முடியவில்லை, அணைக்கவும் தோன்றவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் பிரிஸ்கில்லாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் மட்டும் படலையாடி? அந்தத் தட்டையெல்லாம் பொறுக்குனது யாரு? நெத்தியில மூணு தையல் போட்டுக்கிட்டு மறுநாள் ஆபீஸ் போனேன், பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொன்னேன். நான் சாப்பிடாமயா கெடந்தேன்? எல்லாத்தையும் தாண்டித்தானே வந்தோம்? அவரு நிமிர்ந்து நிக்கறதுக்கு நான் எவ்ளோ வாயை மூடிக்கிட்டு இருக்கேன்னு உனக்குத் தெரியுமா? நீ கொஞ்சம் ஒத்துழைக்கக் கூடாதா?"

இளநீர் வெட்டுகிறவர் அரிவாளை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜாஸ்லின் கத்தவில்லை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"தட்டு பறந்ததுகூடப் பரவால்லம்மா. அது எப்போ பறக்கும்னு அவரு மூஞ்சப் பாத்தே எனக்குத் தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் நீங்க பண்ணதுதான்."

"நான் இன்னா பண்ணேன்?"

"நான் அழ ஆரம்பிச்சா சோத்தை உருட்டி வாயில வெச்சு அமுக்குவீங்க. முழுங்கறதுக்குள்ள அடுத்த உருண்டை. வாயில சோறு இருந்தா அழற சத்தம் வெளிய வராதுல்ல. அழாத, முழுங்கு. அழாத, முழுங்கு. உங்க வளையல் என் பல்லுல இடிக்கும்."

பிரிஸ்கில்லா கையிலிருந்த வளையலை முழங்கைப் பக்கம் தள்ளினாள்.

"இப்பவும் அழுகை வந்தா எதையாவது வாயில அடைக்கணும்போல இருக்கும்மா. ஒரு பாக்கெட் பன் முழுசா அடைப்பேன். அப்புறம் அது உள்ள நிக்காது. ஒருசந்தின்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னுதான் சொன்னேன். நீங்க அவ்ளோ சந்தோஷப்படுவீங்கன்னு நெனைக்கல. அப்புறம் எப்படி நிறுத்தறதுன்னு தெரியல."

உருண்டைகள் பிரிஸ்கில்லாவுக்கு மறக்கவில்லை. அதுதான் கொடுமை. நன்றாக ஞாபகம் இருந்தது, வேறு மாதிரி ஞாபகம் இருந்தது. அவ்வளவு ரகளையிலும் என் பிள்ளையைப் பட்டினி போடவில்லை ஆண்டவரே என்று எத்தனை பூசையில் முழங்கால் போட்டுச் சொல்லியிருக்கிறாள். அழுகைச் சத்தம் கேட்டால் அவனுக்கு வெறி கூடும், அதனால் பிள்ளையைக் காப்பாற்றினேன் என்று எத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறாள். காப்பாற்றத்தான் செய்தாள். காப்பாற்றிய கை எப்படி இருந்தது என்று அந்த வாயைக் கேட்டதில்லை.

ஜாஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இளநீர் அப்படியே இருந்தது. பிரிஸ்கில்லாவின் கை தன்னால் நீண்டு ஸ்ட்ராவைப் பிடித்து மகள் வாய்ப்பக்கம் திருப்பியது. "குடி, அழாத," என்று வாயும் திறந்துவிட்டது.

பாதியில் கையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

* * *

ஆறு மணிக்கு வீடு நிறைந்தது. பாய் விரித்து, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, செபமாலை முடிந்ததும் லூர்துபிரகாஷ் வெள்ளைச் சட்டையில் எழுந்து நின்றான்.

"நான் ஒரு பாவி. லாரியை விட்டேன், லைசென்ஸை விட்டேன், கால்வாயில விழுந்து கெடந்திருக்கேன். ஆறு வருஷம் முன்னாடி தியானக் கூட்டத்துல ஆண்டவர் என்னைத் தொட்டாரு. பொறுமையான மனைவியைக் குடுத்தாரு, நோன்பு இருக்கற பிள்ளையைக் குடுத்தாரு."

"இயேசுவுக்கே புகழ், இயேசுவுக்கே நன்றி," என்றது கூட்டம்.

ஒவ்வொரு வருஷமும் இந்த இடத்தில் பிரிஸ்கில்லாவுக்குக் கண் கலங்கும். இன்று கலங்கவில்லை. லாரி வந்தது, லைசென்ஸ் வந்தது, கால்வாய்கூட வந்தது. இந்த மனிதனின் சாட்சியில் ஒரு தட்டு வந்ததில்லையே, ஒரு நாளும் வந்ததில்லையே என்று மட்டும் தோன்றியது.

அன்பியத் தலைவி வேளாங்கண்ணி டீச்சருக்கு எதையும் சும்மா விட்டுப் பழக்கமில்லை. கைதட்டி எல்லோரையும் அமைதிப்படுத்தினார். "ஜாஸ்லின், எழுந்து நில்லும்மா. எல்லாரும் பாருங்க. ஆகஸ்ட் பதினஞ்சு வரைக்கும் ஒருசந்தி. நம்ம வீட்டுப் பிள்ளைங்களும் இவளைப் பாத்துக் கத்துக்கணும்."

மூலையில் உட்கார்ந்திருந்த ஜாஸ்லின் எழுந்தாள். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதை பிரிஸ்கில்லா பார்த்தாள்.

"நீ உக்காரு ஜாசு," என்றாள்.

டீச்சர் சிரித்தார். "கூச்சப்படுறியா பிரிஸ்கில்லா? நல்ல விஷயந்தானே."

"நல்ல விஷயம் இல்ல டீச்சர். அது ஒருசந்தியும் இல்ல. அவளுக்கு உடம்பு சரியில்ல, டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டு வந்தோம். ஒருசந்தின்னு உங்ககிட்டல்லாம் பெருமையடிச்சது நான்தான். அது தப்பு. இனிமே அவகிட்ட அதைப் பத்திப் பேசாதீங்க. பிரியாணி ஆறுது, எல்லாரும் சாப்பிட வாங்க."

டீச்சர் கையிலிருந்த செபமாலையைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். யாரோ ஒருவர் இருமினார். லூர்து கையைக் கட்டிக்கொண்டு மனைவியையே பார்த்தபடி நின்றான். பிறகு எல்லோரும் பிரியாணி சாப்பிட்டார்கள், வழக்கத்தைவிடச் சீக்கிரம் சாப்பிட்டார்கள். ஏழரைக்கெல்லாம் வாசலில் வந்தவர்களின் செருப்பு ஒன்றுகூட இல்லை.

பாயைச் சுருட்டி வைத்துவிட்டு பிரிஸ்கில்லா திரும்பினால், லூர்து மேசைக்கு முன்னால் நின்று டாக்டர் கொடுத்த தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"மத்தியானத்துக்கு என் பேரு போட்டிருக்காங்களே. நான் பாத்துக்கறேன் பிரிஸ்கி, நீ கவலைப்படாத. திங்கக்கிழமைக்கு மீன்குழம்பு வெக்கறேன், அவளுக்கு வஞ்சிரம்னா உசுரு. உக்காந்து பக்கத்துல இருந்து சாப்பிட வெக்கறேன்."

இந்தச் சந்தோஷத்தில் போய் கையை வைப்பதா என்று ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். தாளை அவன் கையிலிருந்து வாங்கி, மேசையில் வைத்து, 'அப்பா' என்ற சொல்லின்மேல் ஒரு கோடு இழுத்தாள். அலுவலகத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் இருக்க வேண்டும். அதையும் போட்டாள்.

"என் பேரை ஏன் அடிக்கற?"

பிரிஸ்கில்லா வாழைப்பழக் கூடையைத் தூக்கி நாற்காலியில் வைத்தாள். பூப்போட்ட விரிப்பை மடித்தாள். மரத்தில், பிறை வடிவில், நகம் புதைகிற ஆழத்துக்கு ஒரு வெட்டு. எவர்சில்வர் தட்டின் விளிம்பு பட்ட இடம்.

"இது இன்னான்னு ஞாபகம் இருக்கா?"

அவன் குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"உங்க சாட்சியில கால்வாய்கூட வருதுங்க. இது வரவே இல்லையே."

"நான் அவளை ஒரு அடிகூட அடிச்சதில்ல பிரிஸ்கி."

"நானும் அடிச்சதில்ல. நீங்க தட்டை எறிஞ்சீங்க, நான் சத்தம் வெளிய வரக்கூடாதுன்னு அவ வாயில சோத்தை அமுக்குனேன். ரெண்டு பேரும் சேந்துதான் அவளுக்குச் சோறுன்னா பயம்னு கத்துக்குடுத்தோம். டாக்டர் கேட்டாங்க. இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன், நீங்க மறுபடியும் குடிச்சிடுவீங்களோன்னு. திங்கக்கிழமை போய் ஆமான்னு எழுதப் போறேன். ரெண்டு பேர் பேரையும் எழுதப் போறேன்."

லூர்து மறுபடி குனிந்தான்.  கட்டைவிரலால் அந்த வெட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினான். பிறகு ஆணியில் மாட்டியிருந்த வேன் சாவியை எடுத்தான்.

"ஏங்க, எங்க போறீங்க?"

அவன் திரும்பவில்லை. செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது, இரும்புக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

ஓடிப்போய் சாவியைப் பிடுங்க வேண்டும். பழைய நாளாக இருந்தால் பிரிஸ்கில்லா இந்நேரம் தெருவில் நின்றிருப்பாள். வாசல்படி வரை வந்தும்விட்டாள். அப்போதுதான் பின்னால் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

ஜாஸ்லின் மேசையில் உட்கார்ந்திருந்தாள். மெலமைன் தட்டில் கொஞ்சம் ரசம் சாதம். விரிப்பை அவள் திருப்பிப் போடவில்லை. அந்த வெட்டுக்கு நேரே, சின்ன வயதில் அவளுக்கென்றிருந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நீங்க வந்து உக்காருங்க."

பிரிஸ்கில்லா வாசலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"ஊட்டக் கூடாது. இன்னும் ஒரு வாய்னு சொல்லக் கூடாது. கையைக் கட்டிக்கிட்டு சும்மா உக்காரணும். முடியுமா?"

"முடியும்," என்றாள் பிரிஸ்கில்லா. முடியுமா என்று அவளுக்கே தெரியாது. எதிரில் போய் உட்கார்ந்து இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக் கட்டிக்கொண்டாள்.

வெளியே வேன் உறுமிக் கிளம்பியது. வலது பக்கம் திரும்பினால் கோயில், இடது பக்கம் திரும்பினால் அந்தக் கடை. தெருமுனையில் வேன் கொஞ்ச நேரம் நின்றதுபோல் இருந்தது. பிறகு எந்தப் பக்கம் போயிற்று என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனால் தெரியும். அவள் எழுந்திருக்கவில்லை.

ஜாஸ்லினின் விரல்கள் சாதத்தைப் பிசைந்தன, நின்றன, மறுபடி பிசைந்தன. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வந்தது. அதைத் துடைக்காமல் ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். வெகுநேரம் மென்றாள். முதல் வாய் இறங்கியது. அழுகையும் சத்தமாகவே வெளியே வந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.

"பப்பா எங்கம்மா போறாரு?" என்று விம்மலுக்கு நடுவே கேட்டாள்.

"தெரியலடா. நீ..."

'சாப்பிடு' என்ற சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. கட்டிய கையை அவிழ்க்காமல், பிரிஸ்கில்லா அதை விழுங்கினாள்.